கேள்வி-பதில்: லாக்கைத் திறந்துவிட்டு இழுங்கள்!

வாசகி, குத்தாலம்: மகளுக்குப் பள்ளியில் கொடுத்த லேப்டாப்பில் சில எழுத்துகள் மட்டும் விழவில்லை. கீபோர்டையே மாற்ற வேண்டுமாம். அப்படியா?

ஒரே ஓர் எழுத்து விழவில்லை என்றால் அந்தக் கட்டை கெட்டிருக்கும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து எழுத்துகள் சேர்ந்து படுத்துக்கொண்டால் கீபோர்டை உள்ளே இணைக்கும் ரிப்பன் கேபிளைச் சந்தேகப்படுங்கள். பல கட்டைகளுக்கு ஒரே கோடுதான் பொது. அந்தக் கோடு கனெக்டரில் தொடர்பு விட்டால் அத்தனையும் மௌனம். ரிப்பனைக் கழற்றித் துடைத்து, மறுபடி செருகிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் மசியாவிட்டால் புதுக் கீபோர்டு. 2011இல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் வந்தது ஏதாவது பரணில் கிடந்தால், அதற்கும் இதே கோளாறா என்று இறக்கிப் பாருங்கள்.

சர்வீஸ் கடைக்காரர், பட்டமங்கலத் தெரு, மயிலாடுதுறை: கனெக்டரே வேண்டாம், நேராக சால்டர் வைத்துவிட்டால் என்ன?

கீபோர்டு ரிப்பன் பாலியஸ்டர் தாள். அதன்மேல் ஓடுவது வெள்ளி மசிக் கோடு. உங்கள் சால்டரிங் அயர்ன் 300 டிகிரியைத் தாண்டும், தாள் அதற்கு முன்பே உருகிவிடும். செல்போனில் இருக்கும் பழுப்பு நிற ஃப்ளெக்ஸ் பாலிமைடு; அது சூடு தாங்கும். ஆனால் டிஸ்ப்ளேயை சால்டர் வைத்து ஒட்டிவிட்டால், அடுத்த முறை உடையும்போது கழற்றப்போவது யார்? நீங்கள்தான்!

பொறியியல் மாணவி, மன்னம்பந்தல்: இத்தனூண்டு கனெக்டரை வடிவமைப்பதில் அப்படி என்ன கஷ்டம்?

நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கோட்டுக்குக் கோடு அரை மில்லிமீட்டர் இடைவெளி என்றால், 40 தொடுமுனைகள் 2 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். ஒவ்வொரு முனையும் பாஸ்பர் வெண்கலத்தில் வெட்டிய ஒரு குட்டி ஸ்பிரிங். அழுத்தம் குறைந்தால் தொடர்பு நிற்காது. கூடினால் முலாம் உரியும், பிளாஸ்டிக் கூடு வளையும். முனைக்கு 50 கிராம் என்று வைத்துக்கொண்டாலும் 40 முனைக்கு 2 கிலோ. அந்த எதிர்ப்புக்குள் தாள்போன்ற ரிப்பனைத் தள்ளினால் அது மடங்கிப்போகும். அதனால்தான் முதலில் தடையில்லாமல் நுழையவிட்டு, பிறகு கனெக்டரின் லாக்கைச் சாய்த்து அழுத்தம் கொடுக்கும் முறை வந்தது. ரிப்பனின் நுனியில் கெட்டியான பட்டை ஒன்று ஒட்டியிருக்கும், நீல நிறத்தில் பார்த்திருப்பீர்கள். நுனியின் கனம் பொதுவாக 0.3 மி.மீ. இருக்க வேண்டும்; அந்தக் கனத்தைக் கொடுப்பதும் அந்தப் பட்டைதான். அதில் சிறு பிசகு வந்தாலும் பிடி தளரும்.

இன்னொன்று: இவற்றில் பலவற்றுக்குத் தயாரிப்பாளர் தரும் ஆயுள் 20, 30 முறை கழற்றி மாட்டும் அளவுக்குத்தான். லாக் சிலவற்றில் மேலே தூக்கும் வகை, சிலவற்றில் வெளியே இழுக்கும் வகை. எது என்று தெரியாமல் கைவைத்தால் முதல் முறையிலேயே ஆயுள் முடிந்துவிடும்.

வாசகர், தரங்கம்பாடி: கடலோர வீடு. தங்க முலாம் கனெக்டர் என்றால் துரு பிடிக்காதுதானே?

தங்கம் துருப்பிடிக்காது, ஆனால் அந்த முலாம் ஒரு மைக்ரான்கூட இருக்காது. அதிலுள்ள நுண்துளை வழியாக உப்புக் காற்று அடியிலிருக்கும் நிக்கலையும் செம்பையும் தேடிப் போகும். ஈய நிற முலாமாகத் தெரிகிற வெள்ளீயம் மலிவு. ஆனால் அதிர்வில் உரசி உரசி ஆக்சைடு படியும். ரிப்பனில் ஒன்று, கனெக்டரில் இன்னொன்று என்று கலப்பது அதைவிட மோசம். ரப்பர் வைத்துத் தேய்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், இருக்கிற கொஞ்சத் தங்கமும் போய்விடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மெல்லத் துடைத்தால் போதும்.

வாசகர், சீர்காழி: மழைத்தண்ணீரில் விழுந்த போனை அரிசியில் புதைக்கலாமா?

அரிசியை உலையில் போடுங்கள். கனெக்டருக்குள் புகுந்த தண்ணீரை அது உறிஞ்சாது. தவிட்டுத் தூசிதான் உள்ளே போகும். 2022 நவம்பரில் உங்கள் ஊரில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியது, அப்படிப்பட்ட ஊரில் இது தெரிந்திருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் இடைவெளியில் தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்தால் செம்பு கரையத் தொடங்கிவிடும். ‘வேலை செய்கிறதா’ என்று ஆன் செய்து பார்ப்பதுதான் போனைக் கொல்கிறது. அணைத்துவிட்டுக் கடைக்கு ஓடுங்கள். பேட்டரி இணைப்பை முதலில் கழற்றச் சொல்லுங்கள்.

வாசகர், செம்பனார்கோவில்: ரிப்பனை மடிக்கலாமா?

வளைக்கலாம், மடிக்கக் கூடாது. பிரிண்டரில் பெரிய வளைவோடு ஓயாமல் போய்வரும் அதே ரிப்பன், கூர்மடிப்பில் சீக்கிரமே விரிசல் விடும்.

பாலிடெக்னிக் மாணவர், மயிலாடுதுறை: இந்தக் கனெக்டர் துறையில் எதிர்காலம் உண்டா?

உண்டு, ஆனால் தேடிப் போக வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் வந்தது, 2014இல் மூடியது. இன்று அங்கே ஃபாக்ஸ்கான் ஐபோன்களைக் கோக்கிறது. கோக்கும் திறமை நமக்கு வந்துவிட்டது, கோக்கப்படும் சிறு பாகங்களில் பெரும்பகுதி இன்னும் வெளிநாட்டிலிருந்தே வருகிறது. 2025இல் ஒன்றிய அரசு 22,919 கோடி ரூபாயில் அறிவித்த உதிரிபாகத் திட்டத்தில் வளையும் சர்க்யூட்டுகளுக்கும் இடமுண்டு. எலக்ட்ரானிக்ஸோடு டூல் அண்டு டை வேலையையும் கற்றுக்கொள்ளுங்கள். கனெக்டரின் பாதி உயிர் அச்சில்தான் இருக்கிறது. நாளை நீங்களே ஒன்றை வடிவமைக்கும்போது, லாக் எந்தப் பக்கம் திறக்கும் என்று ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள். அதைக் கழற்றப்போகிறவருக்கு அந்த உதவி தேவை.