களிமண்ணுக்கு அவசரம் தெரியாது

என்ன மருமவனே, ஆவணிக்குள்ள பால் காய்ச்சிரணும்னு ஒத்தக்கால்ல நிக்கியாமே? நில்லு. நீ நேராத்தான் நிப்பே. கரிசல்ல கட்டுத வீடு நிக்குமான்னுதான் எனக்கு யோசனை.

கட்டடம்னா மண்ணுக்குள்ள கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், அதுல குத்தமில்ல. நாலு மூலையும் ஒண்ணுபோல இறங்குனா பூசுன சொவருக்கே தெரியாது. ஒரு மூலை இறங்கி ஒரு மூலை நின்னுச்சோ, பிடிச்சுது சனி. சன்னல் மூலையில இருந்து கோணலா விரிசல் ஓடும், கதவு நெலையில இடிக்கும். நீ வாஸ்துக்காரனைத் தேடி ஓடுவே. அவன் தெக்க இருக்க வாசலை வடக்க வைக்கச் சொல்லுவான். மண்ணைப் பத்தி வாயே தொறக்கமாட்டான். மண்ணு தட்சிணை குடுக்காதுல்லா.

மணலுன்னா பாரம் ஏத்த ஏத்த அப்பப்பவே இறங்கிக் கணக்கை முடிச்சிரும். களிமண்ணு உள்ள இருக்க தண்ணி வெளியேறுனாத்தான் அமரும். அந்தத் தண்ணி கெளம்புதது, விருந்துக்கு வந்த மாப்பிள்ளை கெளம்புத மாதிரி. இன்னைக்கு, நாளைக்குன்னு வருசக்கணக்கா இழுக்கும். உன்னைச் சொல்லல, ஒக்காரு. 1925-லயே டெர்சாகின்னு ஒருத்தர் இதைக் கணக்காப் போட்டு எழுதிவச்சிட்டாரு. உன் இஞ்சினியர் பரீச்சைக்குப் படிச்சிருப்பாரு.

இத்தாலியில பைசா கோபுரத்தை 1173-ல ஆரம்பிச்சாவ. மூணு நெலை எழும்பையில, 1178 வாக்குல வேலை நின்னுபோச்சு. பக்கத்து ஊர்களோட சண்டை போடவே அவுகளுக்கு நேரம் காணல. திரும்பக் கரண்டியைக் கையில எடுத்தது 1272-ல. அந்த இடைவெளியில அடிக் களிமண் தண்ணியை விட்டு இறுகிக்கிடுச்சு. ஒரே மூச்சாக் கட்டியிருந்தா அன்னைக்கே சாஞ்சு விழுந்திருக்கும்னு படிச்சவுகளே சொல்லுதாவ. 1934-ல முசோலினி, நம்ம கோபுரம் கோணலா நிக்கதான்னு ரோசப்பட்டு, அடியில சிமெண்டுப் பால் ஏத்தச் சொன்னாரு. அது இன்னும் கொஞ்சம் சாஞ்சு அவருக்குப் பதில் சொல்லிச்சு. கடைசியில சாஞ்ச தெக்குப் பக்கத்தைத் தூக்கல. வடக்குப் பக்கத்து அடியில இருந்து மண்ணைக் கொஞ்சங் கொஞ்சமா உருவுனாவ. 2001-ல ஆளுவளை மறுபடி ஏறவிட்டாவ. முழுசா நிமித்தல. நிமித்துனா எவன் டிக்கெட் எடுப்பான்?

நம்ம கரிசல் அதைவிடப் போக்கிரி. மழைக்கு உப்பி வீட்டைத் தூக்கும், கோடையில வெடிச்சு இறக்கும். நீ ரெண்டடி வானம் தோண்டிட்டு, மிச்சக் காசுல முகப்புக்குக் கிரானைட்டு பதிக்கப் போறியாம். பாக்கதுக்கு நல்லாத்தான் இருக்கும், விரிசல் விழுத வரைக்கும். கரிசலைத் தாண்டிக் கெட்டித் தரைக்குப் போ. எட்டலைன்னா அடிப்பக்கம் அகலமா விரிஞ்ச காங்கிரீட் தூணை ஆழத்துக்கு இறக்கச் சொல்லு. ரூர்க்கி கட்டட ஆராய்ச்சிக்காரவ இந்த மண்ணுக்குன்னே வகுத்துக் குடுத்த முறை அது. சொவரோரம் வேம்பு வைக்கணும்னு உன் பொண்டாட்டி ஆசைப்பட்டா, தள்ளி வைக்கச் சொல்லு. அது கோடையில மிச்ச ஈரத்தையும் உறிஞ்சிரும்.

தரைக்கு நிரப்புத மண்ணை அரையடி அரையடியாப் போட்டு, தண்ணி விட்டுத் திமிசு போடணும். “மழை பேஞ்சா தன்னால அமந்துக்கிடும்”பாரு கொத்தனாரு. அமரும், உன் டைல்சும் சேந்து அமரும். திமிசுக்கட்டை எங்கிட்டயே ஒண்ணு கெடக்கு, எடுத்துக்கோ. சொந்தக்காரனாச்சேன்னு வாடகையில பாதி தள்ளிருதேன்.