பூரண அங்கீகாரம் பெற்ற கலாசாலையின் சேர்க்கை அதிகாரிக்கு

கனம் பொருந்திய சேர்க்கை அதிகாரி அவர்கள் சமுகத்துக்கு,

சரித்திரத்தில் ஒரு பட்டம் பெற்று, அந்தப் பட்டத்தை விலைக்குக் கேட்பார் இல்லாத காரணத்தால் அமெரிக்க நாட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனியொன்றில் சேர்ந்து, வைத்தியச் செலவுப் பத்திரங்களின் அடியிலுள்ள பொடியெழுத்துக்களை வாசிப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்டு, இப்போது பிறர் நோய்க்குக் காகிதத்தால் மட்டுமன்றிக் கையாலும் பணி செய்யலாமென்று ஆசை கொண்டுவிட்ட ஒருவன், தங்கள் கலாசாலையின் 12 மாத விரைவு நர்ஸிங் பட்டத்தைக் குறித்து எழுதிக்கொள்ளும் விண்ணப்பம் இது.

முதற்கண் தங்கள் சுறுசுறுப்பைப் பாராட்டுவது என் கடமை. ஓர் இரவு, வெறும் குதூகலத்தினால் என் பெயரையும் டெலிபோன் எண்ணையும் தங்களுக்குத் தெரிவித்துவிட்டு, மேஜை விளக்கை அணைக்கக் கை நீட்டுவதற்குள் மணி அடித்தது. மறுமுனையில் பேசிய ஆலோசகர் அம்மையார், என் வாசஸ்தலம் யாது, பூர்வப் பட்டம் என்ன, கடன் வாங்கும் யோக்கியதை எனக்கு உண்டா என்பனவற்றையெல்லாம் விசாரித்து முடித்த பின்னர், கருணையே என் பிறவிக்குணமென்று கண்டுபிடித்துச் சொன்னார். அவர் தங்கள் கலாசாலையில் உத்தியோகம் பார்ப்பவரே அல்லர், மாணவர்களைத் திரட்டித் தருவதற்காகக் கட்டணத்தில் பங்கு பெறும் ஒரு கம்பெனியின் சிப்பந்தி என்பது பிற்பாடுதான் தெரியவந்தது. இதில் லஜ்ஜைப்பட ஒன்றுமில்லை; மத்திய அரசாங்கத்தின் தணிக்கை அலுவலகம் 2022-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, இவ்விதக் கம்பெனிகளோடு உடன்படிக்கை செய்துகொண்ட கலாசாலைகள் இந்நாட்டில் குறைந்தது 550 இருந்தன. ஆயினும், என் கருணையைக் கண்டுபிடித்ததற்கு வேறொருவர் தரகு பெறுகிறார் என்று அறிந்த அன்று அந்தக் கருணை சற்றே குறைந்துபோயிற்று என்பதை மறைப்பதற்கில்லை.

வேகத்தின்மீது எனக்கு விரோதம் கிடையாது. ஏற்கெனவே ஒரு துறையில் பட்டம் பெற்றவனை மறுபடியும் கட்டுரை எழுதவும் சமூகவியல் படிக்கவும் உட்கார்த்தி வைப்பது அநாவசியமென்று கண்டு, செயின்ட் லூயிஸ் சர்வகலாசாலையார் 1971-இல் முதன்முதலாக இந்தக் குறுக்குப் பாதையைத் திறந்தது புத்திசாலித்தனமான காரியமே. இன்று 11 மாதத்திலிருந்து 18 மாதத்துக்குள் இப்படிப்பை முடித்து, வார்டுகளில் நல்ல பெயரெடுத்தவர்கள் அநேகர். தங்களுடைய 12 மாதம் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. உடற்கூறு, உடலியக்கம், நுண்ணுயிரியல், ரசாயனம், புள்ளியியல் ஆகிய பாடங்களை அந்த 12 மாதத்துக்கு வெளியே, தனிக் கட்டணம் செலுத்தி, முன்னதாகவே முடித்துக்கொண்டு வரவேண்டுமாம். அவற்றை ஏழு வருஷத்துக்கு முன் படித்திருந்தால் அந்தப் படிப்புச் செல்லாதாம். நான் கல்லூரியில் விருப்பப் பாடமாக உடற்கூறு படித்த காலத்தில், வளர்ந்த மனிதனுக்கு எலும்புகள் 206 இருந்தன. இடையில் சர்வேசுவரன் ஏதேனும் திருத்தம் செய்திருந்தால், அதை எனக்குத் தெரிவித்தால் போதும். இரண்டு பருவக் கட்டணம் மிஞ்சும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் விளம்பர ஏட்டின் முதற்பக்கத்தில், ஸ்டெதாஸ்கோப் அணிந்து புன்னகை பூத்த மூன்று யுவதிகளின் சிரசுக்குமேல், ‘பூரண அங்கீகாரம் பெற்றது’ என்ற வாசகமும், அதன் தோளில் ஒரு நட்சத்திரக் குறியும் காணப்படுகின்றன. பொடியெழுத்தால் பிழைத்தவன் நட்சத்திரத்தைக் கண்டால் சும்மா இருப்பானா? அதன் ஜோடியை அப்பக்கத்தின் அடியில் தேடினேன், காணோம். அடுத்த பக்கத்திலும் காணோம். முடிவில், கடைசிப் பக்கத்தில், கார் நிறுத்துமிடக் கட்டண விவரங்களுக்கும் கீழே அது அகப்பட்டது. ‘இந்த நர்ஸிங் படிப்புக்கு அங்கீகாரம் கோரி விண்ணப்பித்துள்ளோம், விண்ணப்பித்தமை அங்கீகாரம் கிடைக்குமென்பதற்கு உத்தரவாதமாகாது.’

தாங்கள் பொய் சொன்னதாக நான் குற்றஞ்சாட்டவில்லை. இந்நாட்டில் நர்ஸிங் கற்பிக்கும் கலாசாலை மூன்று வாசல்களில் முத்திரை வாங்கவேண்டியிருக்கிறது. முதலாவது, கலாசாலை முழுமைக்கும் உரிய அங்கீகாரம். அது இருந்தால்தான் மாணவர்கள் மத்திய அரசாங்கக் கடனுக்கு அருகதை பெறுவர் என்றாலும், அதை வழங்குவோர் சங்கீதம், கணக்கியல், நர்ஸிங் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டுப் போகிறவர்கள். இரண்டாவது, மாநில நர்ஸிங் வாரியத்தின் ஒப்புதல். பட்டதாரியை ‘என்கிளெக்ஸ்’ என்னும் லைசென்ஸ் பரீட்சைக்கு உட்கார விடுவது அது. நர்ஸிங் படிப்பை மட்டும் தனியே எடுத்து, உபாத்தியாயர் யார், ஆஸ்பத்திரிப் பயிற்சி எங்கே, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பாதியில் நின்றார்கள் என்றெல்லாம் துருவிக் கேட்பது மூன்றாவதே. அதை வழங்குவன பட்டப் படிப்பையும் அதற்கு மேற்பட்டவற்றையும் பார்க்கும் சி.சி.என்.இ., எல்லாப் படிகளையும் பார்க்கும் ஏ.சி.இ.என்., தேசிய நர்ஸிங் லீகின் சி.என்.இ.ஏ. ஆகிய மூன்று சபைகள். இவர்களும் தேவதைகளல்லர், ஒரு கலாசாலையின் டீனை இன்னொரு கலாசாலையின் டீன் பரிசோதிக்கும் ஏற்பாட்டில் சிறிது பரஸ்பர தாட்சண்ணியம் கலந்திருக்கும் என்று சந்தேகிக்க எனக்கும் தெரியும். ஆனால் தாட்சண்ணியத்தோடு கேட்கப்படும் கேள்வியும் கேள்விதானே.

தங்களிடம் முதலிரண்டு முத்திரைகள் உள்ளன, மூன்றாவது இல்லை. இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது என்பதையும் அறிவேன். பல மாநிலங்களில் அது இல்லாமலே பரீட்சை எழுதி, லைசென்ஸ் பெற்று, உத்தியோகமும் பார்க்கலாம். முன்னாள் போர்வீரர்களுக்கான மத்திய அரசாங்க ஆஸ்பத்திரிகள், இராணுவ நர்ஸிங் படை, மேற்பட்டம் தரும் பெரும்பாலான சர்வகலாசாலைகள் ஆகியவற்றின் வாசலில்தான், ‘நீ படித்த படிப்பு அங்கீகாரம் பெற்றதா?’ என்ற கேள்வி காத்திருக்கிறது. இதை ஆலோசகர் அம்மையாரிடம் சொன்னபோது, “அங்கீகாரம் வந்துகொண்டேயிருக்கிறது” என்றார். எங்கிருந்து புறப்பட்டது, எந்த ஸ்டேஷனைத் தாண்டியிருக்கிறது என்று கேட்டேன். முன்பணம் கட்டக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை என்று பதில் வந்தது.

ஆகவே நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். பரிசோதகர்கள் காலி வகுப்பறையைப் பார்க்க வருவதில்லை; மாணவர்கள் சேர்ந்து, பாடம் ஓராண்டளவு நடந்த பிறகே பொதுவாக அவர்கள் வருகை. அவர்கள் வந்துபோன பின் அறிக்கை, அறிக்கைக்குக் கலாசாலையின் சமாதானம், பிறகு சபை கூடித் தீர்மானிக்கும் நாள். சி.சி.என்.இ. விதிப்படி, கிடைக்கிற அங்கீகாரம் பரிசோதகர்கள் காலடி வைத்த முதல் நாளிலிருந்து செல்லும். நான்கு வருஷப் படிப்பில் சேர்ந்தவனுக்கு இதனால் நஷ்டமில்லை. அவன் நடுவழியில் இருக்கும்போதே பரிசோதகர்கள் வந்து போய்விடுவார்கள். 12 மாதத்தில் என்னைப் பட்டதாரியாக்கி வெளியே அனுப்பிவிடும் தங்கள் வேகம் ஒன்றே எனக்கு எமனாகிறது! நான் அங்கியும் குல்லாயும் தரித்து மேடையிலிருந்து இறங்கிய பிறகல்லவா பரிசோதகர்களின் வாகனம் வாசலில் வந்து நிற்கும்? கும்பாபிஷேகம் ஆகாத கோயிலில் அர்ச்சனைச் சீட்டு விற்பதை ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். அர்ச்சனை முடிந்து பக்தன் ஊர் போய்ச் சேர்ந்த பின் கும்பாபிஷேகம் நடத்துவது என்ன சம்பிரதாயம்?

அம்மையாரிடம் இதற்கும் ஒரு சமாதானம் இருந்தது. தங்கள் கலாசாலையின் பரீட்சைத் தேர்ச்சி மிக உயர்வாம். பரீட்சை எல்லாருக்கும் ஒன்றே. தேறிவிட்டால் முத்திரையை யார் கேட்கப்போகிறார்கள் என்றார். அந்தத் தேர்ச்சிச் சதவீதம் தங்கள் பழைய இரண்டாண்டுப் படிப்பின் மாணவர்களுடையது, இன்னும் ஒருவரும் முடிக்காத இந்த விரைவுப் படிப்பினுடையதன்று என்பதையும், பரீட்சை எழுதியவர்களை மட்டுமே அது எண்ணுகிறது, தேறமாட்டார்களென்று கடைசிப் பருவத்தில் நிறுத்தி வைக்கப்பட்டவர்கள் அதன் கணக்கிலேயே வரவில்லை என்பதையும் மரியாதையை முன்னிட்டு நான் சொல்லாமல் விட்டேன். ஆனால் பரீட்சை ஒன்றே போதும் என்ற சித்தாந்தத்துக்கு ப்ளோரிடாவில் ஏற்பட்ட கதியை அவருக்கு ஞாபகப்படுத்தினேன். 2023 ஜனவரியில் மத்திய அரசாங்க வழக்கறிஞர்கள் 25 பேர்மீது அங்கே வழக்குத் தொடர்ந்தார்கள். அந்தக் கூட்டம் 7,600-க்கு மேற்பட்ட பொய் நர்ஸிங் டிப்ளமாக்களையும் மதிப்பெண் பத்திரங்களையும் விற்றிருந்தது. வாங்கியவர்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் அதே என்கிளெக்ஸ் பரீட்சையில் தேறியும்விட்டார்கள். விரைவுக் கல்வியின் சிகரம் அதுவல்லவா? 12 மாதம் எதற்கு, 12 நிமிஷமும் வேண்டியதில்லை. பணத்தை எண்ணி வைக்கிற நேரம் போதும். தங்களை அந்தக் கூட்டத்தாரோடு நான் சேர்க்கவில்லை. தங்களிடம் கட்டடமும் உண்டு, உபாத்தியாயர்களும் உண்டு. பரீட்சைத் தாள் பார்க்காத ஒன்றை வேறு யாரேனும் நேரில் வந்து பார்த்தாக வேண்டும் என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

உதாரணமாக, ஆஸ்பத்திரிப் பயிற்சி. செயற்கை நோயாளிப் பொம்மைகளைக் கொண்டு பயிற்சியில் பாதிவரை நடத்தினாலும் பலனில் குறைவில்லையென்று மாநில நர்ஸிங் வாரியங்களின் தேசிய மன்றம் 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சி கூறியது உண்மை; நல்ல உபகரணமும் தேர்ந்த உபாத்தியாயரும் இருந்தால் என்பதும் அதோடு சேர்ந்ததே. தங்கள் பொம்மையை நான் வந்து பார்த்தேன். மூச்சு விடுகிறது, நாடி துடிக்கிறது, சோற்றில் உப்பில்லை என்று புகார் செய்வதில்லை. மீதிப் பாதியை எந்த ஆஸ்பத்திரியில், எந்த வார்டில் நடத்தப்போகிறீர்கள் என்று கேட்டதற்கு மட்டும், பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது என்றார்கள்.

கடைசியாக, கட்டண விஷயம். இரண்டாவது பட்டத்துக்கு வருகிறவனுக்கு அரசாங்கத்தின் பெல் மானியம் கிடையாது. முதற் பட்டத்தோடு அது தீர்ந்துபோகிறது. எனவே தங்கள் கட்டணம் முழுவதும் கடனாகவோ என் சேமிப்பாகவோதான் வரவேண்டும். அதை ஆற அமர யோசித்து, தங்களுடைய முறையையே நானும் பின்பற்றுவதென்று தீர்மானித்திருக்கிறேன். கட்டணம் செலுத்த உத்தேசித்திருப்பதாக என் பாங்கிக்கு விண்ணப்பம் அனுப்பியாயிற்று. பாங்கியின் பிரதிநிதிகள் தம் சௌகரியப்படி, நான் ஓராண்டளவு வகுப்புக்கு வந்த பின்னர், என் இல்லத்துக்கு விஜயம் செய்து என் நிதிநிலையைப் பரிசோதிப்பார்கள். அவர்களுக்குத் திருப்தியானால், அவர்கள் காலடி வைத்த முதல் நாளிலிருந்தே பணம் செலுத்தப்பட்டதாகக் கொள்ளப்படும். இடைக்காலத்தில் என்னை ‘பூரணமாகக் கட்டணம் செலுத்திய மாணவன்’ என்று பதிவேட்டில் எழுதிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பக்கத்தில் ஒரு நட்சத்திரம் மட்டும் போட்டு, செலுத்த உத்தேசித்தமை செலுத்தப்படும் என்பதற்கு உத்தரவாதமாகாது என்ற வாசகத்தைக் கார் நிறுத்துமிட விவரங்களுக்குக் கீழே சேர்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் விதேயன்,
விண்ணப்ப நிலையிலுள்ள மாணவன்