ரெட் எது, கறுப்பு எது?

கேரம் ஆடும்போது என் நண்பன் ரெட்டை விட்டுவிட்டுக் கறுப்புக் காயைக் குறிவைக்கிறான். கேட்டால் ‘ரெண்டும் ஒண்ணாத்தாண்டா தெரியுது’ என்கிறான். நடிக்கிறானா?
— கிளப் செயலாளர், புதுவண்ணாரப்பேட்டை

நிஜமாக இருக்கலாம். நிறம் பார்ப்பதற்கென்று நம் விழித்திரையில் மூன்று வகைக் கூம்பு செல்கள் உண்டு. அதில் சிவப்புப் பக்கத்தைக் கவனிக்கும் வகை இல்லாதவர்களுக்குச் சிவப்பு மங்கிப்போய்க் கறுப்போடு கறுப்பாகக் கலந்துவிடும். கிளப்பில் பல்பு வேறு டல்லடித்தால் கேட்கவே வேண்டாம். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா உங்கள் பேட்டைக்காரர். அந்த ஏரியாவில் இருந்துகொண்டு ரெட்டைத் தொலைப்பது மானப் பிரச்சினைதான். ரெட்டின் தலையில் வெள்ளையாக ஒரு புள்ளி வைத்துக் கொடுங்கள். அதற்கப்புறமும் விட்டால், கண்ணைக் குறை சொல்ல முடியாது.

எனக்கு எல்லாக் கட்சிக் கொடியும் ஒரே மாதிரி தெரிகிறது. இது நிறக்குருடா?
— டீக்கடை பெஞ்ச், தண்டையார்பேட்டை

வயது நாற்பதுக்கு மேல் என்றால், அனுபவம்.

இ.இ.இ. மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் வேலைக்குப் போக ஆசை. போன மாதம்தான் சிவப்பு-பச்சைக் குறைபாடு என்று தெரிந்தது. என் படிப்பு வீணா?
— மாணவர், எண்ணூர்

உங்கள் கேள்வியை உங்களுக்கு முன்பே ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோயிருக்கிறார். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர் பதவிக்குத் தேர்வான தமிழ்நாட்டுப் பொறியாளர் அவர். மருத்துவச் சோதனையில் நிறக்குறைபாடு என்று தெரிந்ததும் வேலை இல்லை என்றது அந்த வாரியமான டான்ஜெட்கோ. சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அவர் பக்கம் நின்றார்; டிவிஷன் பெஞ்ச் வாரியத்தின் பக்கம் நின்றது. 2023 அக்டோபரில் நீதிபதிகள் எஸ். ரவீந்திர பட், அரவிந்த் குமார் அமர்வு, அவரைப் பொறியாளராகவே எடுத்துக்கொள்ளச் சொல்லித் தீர்ப்பளித்தது. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் நிறக்குறைபாடு இல்லை. ‘உனக்குக் குறை இருக்கிறது, வேலை கிடையாது’ என்று ஒரு கை தள்ள, ‘உனக்குக் குறையே இல்லை, சலுகை கிடையாது’ என்று மறு கை தள்ளும். பட்டியலில் இல்லாவிட்டாலும் நியாயமான வசதி செய்து கொடுப்பது வேலை தருபவரின் கடமை என்று நீதிமன்றம் அந்த இடைவெளியை அடைத்தது.

அதற்காக வாரியத்தின் பயத்தைக் கேலி செய்யவும் மாட்டேன். நம் ஊர் வயரிங்கில் பேஸ் மூன்றும் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை. பழைய வயரில் சிவப்பையும் பச்சையையும் மாற்றிப் பிடித்தால் அது கடைசிப் பிடியாகலாம். ஆனால் நல்ல பேனலில் ஒவ்வொரு வயரின் நுனியிலும் எண் போட்ட ஃபெரூல் மாட்டியிருக்கும். டெஸ்டரும் மீட்டரும் இல்லாமல் கலரை மட்டும் நம்பிக் கை வைப்பவர், கண் முழுதாகத் தெரிந்தவராக இருந்தாலும், என் பக்கத்தில் நிற்க வேண்டாம். படிப்பை முடியுங்கள். விண்ணப்பிக்கும் ஒவ்வொரு பதவிக்கும் மருத்துவ விதி என்ன என்று மட்டும் முன்கூட்டியே படித்துவிடுங்கள். ஒரு தீர்ப்பு எல்லாக் கதவுக்கும் சாவியாகாது.

காசிமேட்டுக்கு அனுப்பினால் பழைய மீனாக வாங்கி வருகிறார் என் வீட்டுக்காரர். செவுள் சிவப்பா பழுப்பா என்று அவருக்குத் தெரியாதாம். என்ன செய்ய?
— இல்லத்தரசி, ராயபுரம்

செவுளை விடச் சொல்லுங்கள். கண் பளபளவென்று புடைத்திருக்க வேண்டும். குழி விழுந்திருந்தால் நகர்ந்துவிடலாம். விரலால் அழுத்தினால் சதை திரும்பி எழ வேண்டும். மூக்கை வைத்தால் கடல் வாசம் அடிக்க வேண்டும், கவிச்சை அடிக்கக் கூடாது. மூன்றில் ஒன்றுக்கும் கலர் தேவையில்லை. செவுளுக்குச் சாயம் பூசினால் கலர் தெரிந்தவர் ஏமாறுவார், உங்கள் வீட்டுக்காரர் ஏமாற மாட்டார். இத்தனைக்குப் பிறகும் பழைய வஞ்சிரம் வந்தால், அவர் ஏலம் முடிந்து பத்து மணிக்குப் போகிறார் என்று அர்த்தம்.

கப்பலில் ஆபீசர் ஆக வேண்டும் என்று மகன் அடம் பிடிக்கிறான். நிறச் சோதனையில் தேறவில்லை. யாரையாவது பார்த்தால் முடியுமா?
— தந்தை, துறைமுகத் தொழிலாளர்

முடியாது; முடியவும் கூடாது. நடுக்கடலில், இரவில், எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைச் சொல்ல முக்கியமாக இரண்டு விளக்குகள்: இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை. போக்குவரத்து சிக்னலில் மேலே சிவப்பு, கீழே பச்சை என்று இடத்தை வைத்தாவது தப்பிக்கலாம். கடலில் ஒற்றை விளக்கு தெரியும்போது மேலும் இல்லை, கீழும் இல்லை. ரயில் ஓட்டுவதற்கும் இதே கதை. ஸ்வீடனில் 1875இல் இரண்டு ரயில்கள் மோதிய பிறகுதான் கம்பளி நூல்களை நிறவாரியாகப் பிரிக்கச் சொல்லி ரயில்வேக்காரர்களின் கண்ணைச் சோதிக்கும் வழக்கமே பரவியது. நம் ரயில்வேயில் சி-1, சி-2 மருத்துவப் பிரிவு வேலைகளுக்கு நிறச் சோதனை கிடையாது. அந்தப் பக்கம் பார்க்கலாம்.

எரிச்சல் தருவது வேறொன்று. முதலில் பீஸை வாங்கிக்கொண்டு பிறகு மெடிக்கலுக்கு அனுப்பும் பயிற்சி நிலையங்களைப் பற்றி இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் குறையவே மாட்டேன் என்கின்றன. டி.ஜி. ஷிப்பிங் அங்கீகரித்த மருத்துவரிடம் சோதனை முதலில். பணம் கட்டுவது அப்புறம்.

அப்படியென்றால் கலர் தெரியாத மீனவருக்குப் புயல் எச்சரிக்கை எப்படிப் புரியும்?
— அதே தந்தையின் இளைய மகள்

நல்ல கேள்வி, அண்ணனை விட நீ தேறுவாய். சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களில் ‘மூன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது’ என்று செய்தியில் கேட்கிறாய் அல்லவா? பகலில் ஏற்றுவது கூம்பும் உருளையும். நிறத்துக்கு அங்கே வேலையே இல்லை, வடிவம் பேசும். 1 முதல் 11 வரை எண்ணும் உண்டு. இரவில் மட்டும் சிவப்பு, வெள்ளை விளக்குகள். மழையிலும் மூட்டத்திலும் எந்த நிறமும் வெளிறிப்போகும் என்று தெரிந்த யாரோ யோசித்து வைத்த ஏற்பாடு. இன்றைக்கு ஆப் தயாரிப்பவர்கள் ‘சரி’க்குப் பச்சைப் புள்ளி, ‘தவறு’க்குச் சிவப்புப் புள்ளி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அவர்களை ஒரு நாள் துறைமுகத்துக்கு அழைத்துவர வேண்டும்.

காஸ் கட்டிங் வேலை. ஆக்சிஜன் சிலிண்டர் கறுப்பு, டி.ஏ. சிலிண்டர் மெரூன் என்கிறார்கள். எனக்கு ரெண்டும் கறுப்பு.
— ஒர்க்‌ஷாப் தொழிலாளி, திருவொற்றியூர்

உங்களைக் காப்பாற்றுவது மரை. டி.ஏ. என்கிற அசிட்டிலீன் பக்கம் இடது மரை, அதன் நட்டில் வெட்டுக் குறி இருக்கும். ஆக்சிஜன் பக்கம் வலது மரை. ஒன்றை இன்னொன்றில் மாட்ட நினைத்தாலும் ஏறாது. ஏறாததை ஸ்பானர் போட்டு ஏற்றும் வீரம் மட்டும் வேண்டாம். மேஸ்திரியிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். சிலிண்டர் மேல் தமிழில் பெரிதாக எழுதிவைக்க ஒரு சாக்பீஸ் போதும்.

என் தம்பிக்கு சிவப்பு, பச்சை தெரியாது. என் மகளை அவனுக்கே கொடுக்கலாம் என்கிறார் அம்மா. குழந்தைக்கு வருமா?
— அக்கா, எர்ணாவூர்

கணக்கு இதுதான். இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்று. அது பழுது என்றால் ஈடுகட்ட ஆளில்லை. பெண்ணுக்கு இரண்டு; ஒன்று தடுமாறினாலும் மற்றது பார்த்துக்கொள்ளும். அதனால்தான் ஆண்களிடம் இது அதிகம். அப்பாவிடமிருந்து மகனுக்கு வராது. மகளிடம் சத்தமில்லாமல் தங்கி, மகள் வயிற்றுப் பேரனிடம் தலைகாட்டும்.

உங்கள் தம்பிக்குத் தந்தது உங்கள் அம்மா. அதே எக்ஸ் உங்களிடம் இருக்கப் பாதி வாய்ப்பு. உங்கள் மகளிடம் இருக்கக் கால்வாசி. அவளிடமும் இருந்துவிட்டால், இவர்களுக்குப் பிறக்கும் பெண் குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வரலாம். வெளியில் பெண் எடுத்தால் மகளுக்கு வருவது அபூர்வம். நிறக்குறைபாடு உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் சொந்தத்துக்குள் கட்டினால் இதே கணக்கில் வரக்கூடிய வேறு நோய்கள் அப்படியல்ல. அது கிடக்கட்டும், உங்கள் மகளைக் கேட்டீர்களா?

எம்.சி. ரோட்டில் அரக்குப் புடவை எடுக்கச் சொன்னால் பாட்டில் பச்சை எடுத்து வருகிறார் வீட்டுக்காரர். அலட்சியமா, குறைபாடா?
— மனைவி, பழைய வண்ணாரப்பேட்டை

ராமர் பச்சைக்கும் கிளிப் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாதது ஆண் குணம். அரக்கும் பச்சையும் குழம்பினால் கண் டாக்டர்.

டி.பி. மாத்திரை சாப்பிடும் அப்பா இப்போது சிவப்பு மங்கலாகத் தெரிகிறது என்கிறார். வயசா?
— மகள், திருவொற்றியூர்

இதில் விளையாட்டில்லை. பிறவிக் குறைபாடு நடுவில் வராது. டி.பி. மருந்துகளில் எத்தாம்பூட்டால் என்ற ஒன்று சிலருக்குப் பார்வை நரம்பைத் தாக்கும். நிறம் மங்குவது அதன் முதல் அறிகுறியாக இருக்கலாம். இன்றே மாத்திரை தரும் மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள். கண்ணில் எரிச்சல் இல்லையே, வலி இல்லையே என்று தள்ளிப்போட வேண்டாம். மற்ற மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

கண்ணாடி போட்டால் எல்லாக் கலரும் தெரியும் என்று விளம்பரம் வருகிறதே?
— ஆர்வக்கோளாறு, மணலி

சிலருக்குச் சில நிறங்கள் எடுப்பாகத் தெரியும். இல்லாத கூம்பு செல்லைக் கண்ணாடி முளைக்க வைக்காது. 2009இல் அமெரிக்காவில் அணில் குரங்குகளுக்கு மரபணு சிகிச்சை செய்து புது நிறம் காட்டினார்கள். மனிதர் முறை இன்னும் வரவில்லை.

லைசென்ஸ் கிடைக்குமா?
— டிரெய்லர் கிளீனர், எண்ணூர் எக்ஸ்பிரஸ்வே

லேசான, நடுத்தரக் குறைபாடு உள்ளவர்களுக்குத் தரலாம் என்று 2020 ஜூனில் மத்திய அரசு விதியைத் திருத்திவிட்டது. கடுமையானது என்றால் கிடைக்காது. உங்கள் ரோட்டில் பச்சை விழுந்தாலும் வண்டி நகரப்போவதில்லை என்பது தனி.

எங்கே, எப்போது சோதிப்பது?
— ஆசிரியை, காசிமேடு

புள்ளிகளுக்கு நடுவே எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா அட்டைகள், ஜப்பானிய மருத்துவர் 1917இல் வெளியிட்டவை, எந்தக் கண் மருத்துவரிடமும் இருக்கும். ஐந்து நிமிட வேலை. போன் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். திரை நிறத்தை மாற்றும். ஸ்டான்லிக்கோ எழும்பூர் கண் மருத்துவமனைக்கோ அழைத்துப் போகலாம். உங்கள் பிள்ளைகளைப் பிளஸ் ஒன் குரூப் எடுப்பதற்கு முன்பே சோதித்துவிடுங்கள், டீச்சர். வேலைக்குத் தேர்வான பிறகு மெடிக்கலில் தெரிந்துகொள்வது மிகவும் தாமதம்.