நின்ற இடத்தில் நடுங்குதல்: ஓர் ஆய்வு

ஓடும்போது ஒழுங்காக ஓடி, நின்றால் மட்டும் தடுமாறும் பொருள்கள் உலகில் சில உண்டு. சைக்கிள் அவற்றுள் ஒன்று. மேடைப் பேச்சாளர் சிலரையும் சேர்க்கலாம். இக்கட்டுரை எடுத்துக்கொள்வது மூன்றாவது இனத்தை: ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வைத்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். நெடுஞ்சாலையில் அம்பு போல் போகும். சிக்னலில் நின்றாலோ, மாவு மில் மோட்டார் மேல் வைத்த தகர டப்பா மாதிரி உதறும். மெக்கானிக்குகள் இதை ‘ஸ்லோவில் நிக்க மாட்டேங்குது’ என்பர். இதைவிடச் சுருங்கிய இலக்கணம் கிடைக்காமையால் அதுவே இங்கும் வரையறை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது 1978 முதல் 1983 வரை வந்த போர்ஷே 911 எஸ்சி. பின்பக்கத்தில் இன்ஜின்; 3.0 லிட்டர், ஆறு சிலிண்டர், காற்றில் குளிர்வது. மாதிரிகளின் எண்ணிக்கை ஒன்று. அது 1979ஆம் ஆண்டு வண்டி. கலிஃபோர்னியாவில் உள்ள நண்பர் ஒருவருடையது. ஒரே ஒரு மாதிரியை வைத்து முடிவு சொல்வது முறையா என்று கேட்பார் உண்டு. அந்த ஒன்றே அதிகம் என்பது நண்பரின் மனைவியார் கருத்து.

முதலில் உடற்கூறு. இந்தக் காரில் பெட்ரோலை ஊட்டுவது பாஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரானிக். 1973 தொடக்கத்தில் அமெரிக்காவுக்குப் போன 911 டியில் அறிமுகமாகி, பிறகு கோல்ஃப் ஜிடிஐ, வோல்வோ, மெர்சிடிஸ், ஃபெராரி என்று பல வீடுகளில் சம்பந்தம் செய்துகொண்டது. ‘கே’ என்பது ‘இடைவிடாத’ என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. பெயருக்கேற்ப, ஆறு இன்ஜெக்டர்களும் இன்ஜின் ஓடும்வரை நிறுத்தாமல் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். எவ்வளவு பீய்ச்சுவது என்று தீர்மானிப்பது ஒரு வட்டத் தட்டு. உள்ளே போகும் காற்று அந்தத் தட்டைத் தூக்குகிறது. தட்டின் கைப்பிடி ஒரு சிறு பிஸ்டனைத் தூக்குகிறது. பிஸ்டன் எழுந்த அளவுக்குப் பெட்ரோல் போகிறது. கல்யாண வீட்டு வாசலில் வந்தவரை எண்ணி, உள்ளே ‘இத்தனை இலை’ என்று குரல் கொடுப்பவரைப் போல என்று கொள்க.

கொல்லைப்புறமாக நாலு பேர் நுழைந்துவிட்டால்? எண்ணிக்கையில் அவர்கள் இல்லை, இலை விழாது, பந்தியில் சலசலப்பு. இதைத்தான் பட்டறையில் ‘ஏர் எடுக்குது’ என்கிறார்கள். தட்டைத் தாண்டிய பிறகு எங்கேயாவது விரிசல் வழியே காற்று புகுந்தால், அதற்குரிய பெட்ரோல் வருவதில்லை. கலவை நீர்த்துவிடுகிறது.

அப்படியானால் ஓடும்போது ஏன் தெரியவில்லை என்பது நியாயமான கேள்வி. ஆயிரம் பேர் பந்தியில் நாலு பேர் யாருக்குத் தெரியும்? பதினைந்து பேர் பந்தியில்தான் தெரியும். ஸ்லோவில் இன்ஜின் நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் சற்றுக் குறைவாகச் சுற்றுகிறது. குடிக்கும் காற்று மிகக் கொஞ்சம். திராட்டில் மூடியிருப்பதால் உள்ளே உறிஞ்சும் வேகமும் அப்போதுதான் அதிகம். ஆக, கொல்லைக் கதவு அகலத் திறப்பதும் பந்தி சிறுப்பதும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன.

இனி நோய் நாடல். நம் வைத்தியர் மூன்று விரலை மணிக்கட்டில் வைத்து வாதம், பித்தம், கபம் என்று மூன்று நாடி பார்ப்பார். இன்ஜினுக்கும் அதே மூன்றுதான் என்பது இவ்வாய்வின் கருதுகோள். வாதம் காற்று, பித்தம் பிளக்கில் விழும் தீப்பொறி, கபம் பெட்ரோல். நாடி நூலார் மூன்றும் ஒன்று, அரை, கால் என்ற அளவில் ஓடவேண்டும் என்பர். பெட்ரோல் இன்ஜினில் ஒரு பங்கு கபத்துக்கு எடையில் 14.7 பங்கு வாதம். அளவு வேறுபட்டாலும் கொள்கை ஒன்றே என்று இவ்விடத்தில் அடித்துச் சொல்லிவிட்டு மேலே செல்வோம்.

நண்பர் இந்த முறையைப் பின்பற்றவில்லை. அவர் பின்பற்றியதை ரசீது முறை எனலாம். எந்தப் பாகம் விலை கூடியதோ அதுவே குற்றவாளி என்பது இம்முறையின் அடிப்படை. முதலில் இக்னிஷன் பெட்டி மாறியது. சாவியைத் திருப்பினால் மெல்லிய ரீங்காரம் எழுப்பும் பெட்டி அது. பழையதும் ரீங்கரித்தது, புதியதும் ரீங்கரித்தது, இன்ஜினும் முன்போலவே உதறியது. பிறகு ஆறு பிளக். பிறகு பெட்ரோல் பம்ப். பம்ப் தரவேண்டிய அழுத்தம் சுமார் 5 பார். பழைய பம்ப் அதைத் தந்துகொண்டுதான் இருந்தது என்பது மாற்றிய பிறகு கேஜ் வாங்கிப் பார்த்தபோது தெரிந்தது. கேஜ் முதலில், பம்ப் பிறகு என்ற வரிசைக்கு ரசீது முறையில் இடமில்லை.

நான்காவது, வார்ம்-அப் ரெகுலேட்டர். இன்ஜின் குளிர்ந்திருக்கையில் கலவையைக் கெட்டியாக்கி, சூடேறச் சூடேற அதை இளக்கும் கருவி. உள்ளே ஈருலோகப் பட்டை ஒன்றும் அதைச் சுடவைக்கும் மின்கம்பியும் உண்டு. இதை ஒரு நிபுணருக்கு அனுப்பிப் பழுதுபார்த்து வாங்க மூன்று வாரம் ஆனது. வந்ததும் மாட்டினார். இன்ஜின் பழுதுபார்த்த ரெகுலேட்டரோடு உதறியது.

இடையில் அவர் செய்த ஒரு காரியத்தைக் குறிப்பிட்டாக வேண்டும். காற்றுத் தட்டுக்கும் பெட்ரோல் பங்கீட்டுப் பெட்டிக்கும் நடுவே ஒரு சிறு துளை. அதில் நீளமான 3 மில்லிமீட்டர் ஆலன் கீயை விட்டால் அடியில் ஒரு திருகு. வலம் திருப்பினால் கலவை கெட்டி. இடம் திருப்பினால் இளக்கம். மயிரிழை திருப்பினாலே புகைக் குழாயில் மாற்றம் தெரியும். நண்பர் அதைத் ‘தற்காலிகமாக’ வலம் திருப்பிவைத்தார். உதறல் சற்றுக் குறைந்தது. பெட்ரோல் வாடை கூடியது. அந்த மாநிலத்தில் இந்த வயதுக் காருக்கும் இரண்டாண்டுக்கு ஒருமுறை புகைச் சோதனை உண்டு என்பது அவருக்கு அப்போது நினைவில்லை.

இந்தக் கட்டத்தில்தான் இவ்வாய்வாளர் ஒரு வார இறுதியில் அங்கே போய்ச் சேர்ந்தார். 911இல் காசு செலவில்லாத ஒரு நாடிச் சோதனை உண்டு. ஆயில் டேங்குக்கும் காற்று போகும் வழிக்கும் ஓர் ஓஸ் தொடர்பு இருக்கிறது. எனவே ஸ்லோவில் இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் பெரிய கொல்லைக் கதவு திறந்த மாதிரி. இன்ஜின் தடுமாறி அணையப் பார்க்கவேண்டும். பார்த்தால் நல்லது. பார்க்காவிட்டால், வேறெங்கோ கதவு ஏற்கெனவே திறந்திருக்கிறது அல்லது கலவை ஏற்கெனவே கெட்டி.

மூடியைத் திறந்தோம். இன்ஜின் லேசாகச் சுணங்கியது, அவ்வளவுதான்.

“ஏர் பாக்ஸ்தான் போச்சு” என்றார் நண்பர். குரலில் ஒருவகை மகிழ்ச்சி. இந்தக் கார்களின் கருப்புப் பிளாஸ்டிக் ஏர் பாக்ஸ், குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது பேக்ஃபயர் அடித்தால் தையலில் பிளந்துகொள்வது பேர்போன விஷயம். அதை மாற்ற இன்ஜினைக் கீழே இறக்குவோரும் உண்டு. ரசீது முறையின் உச்சம் அது.

பாகத்துக்கு ஆர்டர் போடுமுன் ஒரு நாள் அவகாசம் கேட்டுப் புகை போட்டோம். இன்ஜினை அணைத்துவிட்டு, காற்று போகும் வாயில் மெல்லிய புகையை ஊதி, எங்கிருந்து வெளியே வருகிறது என்று டார்ச் அடித்துப் பார்ப்பது. சாம்பிராணி போட்ட வீட்டில் ஜன்னல் இடுக்கு தெரிவது போலத்தான். ஏர் பாக்ஸில் இல்லை. இன்ஜெக்டர்கள் செருகிய இடத்து ரப்பர் வளையங்களில் இல்லை. ஓஸ்களில் இல்லை. நாங்கள் இருவரும் தலையை உள்ளே விட்டு இன்ஜினை முறைத்துக்கொண்டிருக்க, வலது பக்கம் என் காதருகே ஏதோ மணம். ஆயில் மூடியின் ஓரத்திலிருந்து நூல் போலப் புகை எழுந்துகொண்டிருந்தது.

மூடியின் அடியில் இருந்த சீல் வளையம் காய்ந்து அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. நோயைச் சோதிக்க நாங்கள் திறந்த கதவே நோய். புது வளையத்தின் விலை இரண்டு காபிக்குள் அடங்கியது.

மாட்டிய பிறகு கார் கரும்புகை கக்கியது. காரணம், அந்தத் ‘தற்காலிக’ திருகு. கீயை விட்டு இடப்பக்கம் சிறிது, ரேஸ் கொடுக்குமுன் கீயை வெளியே எடு, பார், மறுபடி சிறிது என்று அரைநாள் போயிற்று. மாலையில் அது ஸ்லோவில் நின்றது. டாஷ்போர்டு மேல் வைத்த மூக்குக்கண்ணாடி நகரவில்லை.

நண்பர் இப்போது கேட்பவர்களிடமெல்லாம் ரெகுலேட்டரைச் சரிசெய்ததும் கார் குணமானதாகச் சொல்கிறார். மூன்று வாரக் காத்திருப்பையும் விவரிக்கிறார். பழைய சீல் வளையம் இவ்வாய்வாளரின் மேசை இழுப்பறையில், ஒரு தீப்பெட்டிக்குள் இருக்கிறது. ஐயமுள்ளோர் நேரில் வந்து வளைத்துப் பார்க்கலாம். ஒடிந்துவிடும் என்பதால் மெதுவாக.