காற்றுள்ளபோதே சுற்றிக்கொள்

போன வியாழக்கிழமை லஸ் முனையில் என் அம்பாசடரிலிருந்து வந்தது புகை அல்ல, ஆவி. பைக்கில் உட்கார்ந்தபடியே செல்போனை நீட்டிப் படம் பிடித்து, "அங்கிள், புகை வருது" என்று சொன்ன பையனுக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை. பக்கத்து ஆட்டோக்காரருக்குத் தெரிந்திருந்தது. "இன்னா சார், இட்லி வெந்துச்சா?" என்றார்.

அப்பா 1976-ல் வாங்கிய மார்க் 3 அது. இன்னும் ஏன் விற்கவில்லை என்று கேட்கிறீர்கள், எல்லோரும்தான் கேட்கிறார்கள். அதற்கு நியாயமான காரணம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன் ஃபேனைப் பற்றி இரண்டு வரி.

இந்த வண்டியில் ரேடியேட்டர் ஃபேன் வாட்டர் பம்போடு சேர்த்து முடுக்கப்பட்டிருக்கிறது. இரண்டையும் ஒரே பெல்ட்டால் எஞ்சின் இழுக்கிறது. எஞ்சின் ஓடினால் ஃபேனும் ஓடும். எஞ்சின் முனகினால் அதுவும் முனகும். அதாவது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் 60-ல் போகும்போது, எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போது, ஃபேன் சாமி வந்த மாதிரி சுழலும். கலங்கரை விளக்கத்திலிருந்து வரும் மெட்ரோவும் மாதவரத்திலிருந்து வரும் மெட்ரோவும் திருமயிலையில் சந்தித்துக்கொள்வதற்காக ஊரையே தோண்டித் தகரம் அடித்திருக்கிறார்களே, அந்தத் தகரத்தை ஒட்டி, உச்சி வெயிலில், முன்னால் ஒரு தண்ணீர் லாரி, பின்னால் 29சி என்று நிற்கும்போது? அப்போது அது யோசித்து யோசித்துச் சுற்றும். தண்ணீரைத் தள்ள வேண்டிய பம்பும் கூடவே யோசிக்கும்.

இப்படிப்பட்டவர்களை நமக்குத் தெரியாதா? பந்தியில் மோர் சாதம் பிசைந்த பிறகு சாம்பார் வாளியோடு ஓடிவருபவர். தாலி கட்டி முடிந்து, பாத்திரமெல்லாம் வேனில் ஏறிய பிறகு, "ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்கோ" என்று வேட்டியை மடித்துக் கட்டும் சித்தப்பா. கல்யாண மண்டபத்தில் நாற்காலியே இல்லாத மூலையில் புயலாகச் சுற்றும் ஃபேன். வெள்ளம் வடிந்த நான்காம் நாள் தெருவுக்கு வரும் மோட்டார். ஜுரம் விட்ட பிறகு கஷாயத்தோடு வரும் எதிர்வீட்டு மாமி. தி.நகரில் தீபாவளிக் கூட்டம் கலைந்ததும் பனகல் பார்க் பக்கம் கண்ணில் படும் காலி ஆட்டோக்கள். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் முடிந்து, கேன்டீனில் காபியும் குடித்துவிட்டு, மங்களத்துக்குத் தாளம் போட வருபவர். போதும் என்று தெரிகிறது. இன்னும் ஒன்றே ஒன்று: பரீட்சை முடிந்த மறுநாள் பேனாவில் மை போட்டுக் கொடுத்த என் அப்பா. இந்த வண்டியை அவர் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியமில்லை.

தப்பு ஃபேன் மேல் மட்டும் இல்லை. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரைத்தான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் உத்தர்பாராவில் அம்பாசடர் ஆக்கி, 2014 வரை செய்துகொண்டிருந்தது. இங்கிலாந்துக் குளிரில் எஞ்சின் சீக்கிரம் சூடாக மாட்டேன் என்கிறதே என்பதுதான் கவலை. அதற்காகவே தெர்மோஸ்டாட் என்று ஒன்றை வைத்தார்கள். தண்ணீர் சூடாகும்வரை அதை ரேடியேட்டர் பக்கம் போகவிடாது. என் மெக்கானிக் முதல் நாளே அதைக் கழற்றி, "நம்மூருக்கு இது எதுக்கு சார்?" என்று கையில் கொடுத்துவிட்டார். இப்போது இந்தக் காகிதங்கள் பறக்காமல் பார்த்துக்கொள்வது அதுதான்.

அமெரிக்காவில் இருக்கும் அக்கா பையன் ஒரு பழைய வீட்டு வண்டி வைத்திருக்கிறான். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே. மலை ஏறினால் அதுவும் கொதிக்குமாம். பரம்பரை வியாதி போலிருக்கிறது. "ஃபேன் கிளட்ச்சைப் பாத்தியா மாமா?" என்றான். ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடானால் அந்தக் கிளட்ச் ஃபேனைப் பிடித்துக்கொள்ளும், ஆறினால் விட்டுவிடும். தேவையறிந்து உழைக்கும் ஃபேன்! என்னுடையதை போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறது என்றேன். "அப்ப ஹீட்டரைப் போட்டுடு, எஞ்சின் சூடு கொஞ்சம் உள்ளே வந்துடும்" என்றான். சென்னைக் காரில் ஹீட்டர். போனை வைத்துவிட்டேன்.

லஸ்ஸில் அரை மணி நேரம் ஆறவிட்டு, துணி போட்டு மூடியைத் திறந்தேன். குழாய்த் தண்ணீரை ஊற்றப் போனால் பூக்கார அம்மா விடவில்லை. "போர் தண்ணி ஊத்தாத சார், உப்பு புடிச்சுக்கும்" என்று தான் குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரைக் கொடுத்தார். எங்கள் வீட்டில் நாங்கள் குடிப்பது போர் தண்ணீர்.

வீட்டில் மனைவி கேட்டவுடனே, "கேஸ்கட் போயிருக்கும்" என்றாள். குக்கரை மனத்தில் வைத்துச் சொன்னது. ஆனால் ரேடியேட்டர் மூடியும் குக்கர் சமாசாரம்தான்: 7 பவுண்டு அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் தண்ணீர் 110 டிகிரி வரை கொதிக்காது, ரப்பர் தேய்ந்தால் 100-லேயே பொங்கும். மெக்கானிக்கும் "கேஸ்கட்" என்றார். அவர் சொன்னது எஞ்சின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் இருப்பது. ஒரே வார்த்தைதான், விலையில் இரண்டு பூஜ்யம் வித்தியாசம்.

புதுப்பேட்டையில் மாருதி கரண்ட் ஃபேன் வாங்கி மாட்டிவிடலாம் என்றும் சொன்னார். அதற்குக் கரண்ட் கொடுக்க வேண்டியது என் டைனமோ. அதுவும் அதே பெல்ட். வண்டி நின்றால் அதுவும் சார்ஜ் செய்யாது. வேண்டாம், இருப்பதையே சரிசெய்யுங்கள் என்று விட்டுவிட்டு வந்தேன்.

விற்காத காரணத்துக்கு வருகிறேன். ஒரு நிமிடம், மெக்கானிக்தான் கூப்பிடுகிறார்.

"சார், வண்டி ரெடி. முள்ளு பாதியைத் தாண்டல, ஜில்லுனு இருக்கு. நானே ஓட்டிப் பாத்துட்டேன்."

"எங்கே ஓட்டினீங்க?"

"ஈசிஆர்ல சார். காலங்காத்தால, காலி ரோட்ல, சும்மா பறந்துச்சு."