உப்பல் ரோட்டில் ஒரு பெயர் சூட்டு விழா

2008 அக்டோபரில் அமெரிக்காவிலிருந்து இரண்டு பேர் ஹைதராபாத் வந்து இறங்கினார்கள். ஒருவர் ஹார்வர்டு பேராசிரியர் டேவிட் ரைக். இன்னொருவர் நிக் பேட்டர்சன்; ஒரு காலத்தில் பிரிட்டிஷ் அரசுக்காக ரகசியக் குறியீடுகளை உடைத்தவர், அப்புறம் ஒரு ஹெட்ஜ் ஃபண்டில் சேர்ந்து பங்குச் சந்தையின் தலையெழுத்தைப் படித்தவர். எதையும் சமாளிக்கும் ஆசாமிகள்தான். ஆனால் இந்தியர்களின் தாத்தாவுக்குப் பெயர் வைக்கும் வேலையை அவர்கள் அதற்கு முன் செய்ததில்லை.

உப்பல் ரோட்டில் சி.சி.எம்.பி. என்றால் ஆட்டோக்காரருக்கும் தெரியும். உயிரணு, மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையம் என்று முழுப் பெயரைச் சொன்னால்தான் வண்டி நகராது. அங்கே லால்ஜி சிங்கும் நம்மூர்ப் பெயர்க்காரர் குமாரசாமி தங்கராஜும் காத்திருந்தார்கள். லால்ஜி சிங்கைச் சாதாரணமாக எடை போடாதீர்கள். கட்டுவிரியன் வகைப் பாம்பின் டி.என்.ஏ.வை ஆராயப் போய், அதிலிருந்தே மனிதர்களை அடையாளம் காணும் டி.என்.ஏ. கைரேகைக் கருவியை உருவாக்கியவர். குழந்தைக்கு அப்பன் யார் என்று ஊரெல்லாம் அடித்துக்கொண்ட கேஸில் பஞ்சாயத்து பண்ணியது, யோசித்துப் பார்த்தால், ஒரு பாம்பு!

மேஜை மேல் இருந்தது 25 சமூகங்களைச் சேர்ந்த 132 பேரின் மரபணுக் கணக்கு. கணக்கு சொன்னது இதுதான்: இந்தியர்கள் இரண்டு பழைய கூட்டங்களின் கலப்பு. ஒன்று, மேற்காசியா, ஐரோப்பாக்காரர்களுக்குச் சொந்தம். இன்னொன்று, அந்தமான் ஆதிவாசிகளுக்கு ரொம்ப தூரத்துப் பங்காளி. அமெரிக்கர்கள் வெள்ளந்தியாக முதல் கூட்டத்தை ‘மேற்கு யூரேசியர்’ என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டார்கள். வடமேற்கிலிருந்து எவனோ வந்தான் என்பது இந்த நாட்டில் விஞ்ஞானம் இல்லை, எலெக்‌ஷன் மேட்டர் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஹைதராபாத்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. தன் விஞ்ஞான வாழ்க்கையிலேயே பதற்றமான 24 மணி நேரம் அதுதான் என்று ரைக் 2018இல் வெளியான தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். கடைசியில் தொகுதிப் பங்கீடு முடிந்தது. முதல் கூட்டம் ‘ஆதி வட இந்தியர்’, இரண்டாவது ‘ஆதி தென்னிந்தியர்’. யார் எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்விக்கே இடமில்லாத சர்வகட்சிப் பெயர்கள். 2009இல் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. பாவம், அந்த ஆதி வட இந்தியர், தான் வட இந்தியர் என்பது தெரியாமலே செத்திருக்கிறார்.

இதில் அழகு என்னவென்றால், ஆரிய, திராவிடச் சண்டையின் இரு தரப்புக்குமே ஏமாற்றம். ஆராய்ந்த கலப்புக் கூட்டங்களில் ஆதி வட இந்தியப் பங்கு 39 சதவீதத்திலிருந்து 71 சதவீதம் வரை ஓடியது. பூஜ்யமும் இல்லை, நூறும் இல்லை. சுத்த ஆரியர் என்று மார்தட்டியவருக்கும் பாஸ் மார்க் வரவில்லை, சுத்த திராவிடர் என்று தொடை தட்டியவருக்கும் வரவில்லை. மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கலாம், கட்டணம்தான் வீண்.

இது கூடப் பரவாயில்லை, பங்காளிக் கலப்பு. இன்னும் பின்னால் போனால் மானம் போகும். ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிய நம் முன்னோர்கள் சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன்பு வழியில் நியாண்டர்தால்களைச் சந்தித்தார்கள். தடித்த புருவ மேடு, மோவாய் என்ற ஒன்றே முன்னால் நீளாத முகம். மனுஷ கணமா ராட்சச கணமா என்று ஜோசியரே குழம்பியிருப்பார். நம்மாட்கள் குழம்பவில்லை. சம்பந்தம் முடித்துவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் எல்லாருமே இப்படித்தான். சைபீரியாவின் டெனிசோவா குகையில் கிடைத்த ஓர் எலும்புத் துணுக்கை 2018இல் படித்துப் பார்த்தார்கள். சுமார் 90,000 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த, பதின்மூன்று வயதாவது ஆன பெண். அம்மா நியாண்டர்தால், அப்பா டெனிசோவன் என்ற வேறொரு மனித இனம். அந்த அப்பாவின் பரம்பரையிலும் ஒரு நியாண்டர்தால் ஒளிந்திருந்தது. ஆக, காதல் கல்யாணம் அந்தக் குடும்பத்துக்குப் புதிதே இல்லை.

நியாண்டர்தால் சம்பந்தத்தின் சீதனம் இன்னும் நம்மிடம்தான் இருக்கிறது. ஆளுக்கு ஒன்றிரண்டு சதவீதம். ஆனால் எல்லாரிடமும் ஒரே துண்டு இல்லை. மரபியலாளர் பிரியா மூர்ஜானி குழுவினர் 2025இல் 2,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் மரபணுக்களில் சிதறிக் கிடந்ததைப் பொறுக்கி ஒட்டிப் பார்த்தார்கள். நியாண்டர்தால் மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய பாதி தேறியது. டெனிசோவனில் ஐந்தில் ஒரு பங்கு. அழிந்துபோன இனம் என்று பாடப் புத்தகம் சொல்கிறது. அது ரேஷன் க்யூவில் நம் முன்னால்தான் நிற்கிறது.

கொரோனா காலத்தில் இந்தச் சீதனத்தைப் பற்றி ஒரு பீதி கிளம்பியது. நியாண்டர்தாலிடமிருந்து வந்த ஒரு துண்டு நோயை முற்ற வைக்கிறது என்று 2020இல் ஐரோப்பாவில் கண்டார்கள். அது தெற்காசியர்களில் சுமார் பாதிப் பேரிடம் இருக்கிறது. போச்சு என்று தலையில் கை வைத்தோம். தங்கராஜ் குழு நம் கணக்கைப் போட்டுப் பார்த்தது: இங்கே அந்தத் துண்டுக்கும் நோயின் தீவிரத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. ஐரோப்பாவில் வில்லன், இங்கே வந்தால் துணை நடிகர்.

இப்படி இனம் விட்டு இனம் பெண் எடுத்தவர்களின் வாரிசுகள் அப்புறம் என்ன செய்தார்கள்? 2013இல் வந்த கணக்குப்படி, சுமார் 4,200லிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்தியாவில் கலப்பு அமோகம். ஒதுங்கி வாழ்ந்த கூட்டம்கூடத் தப்பவில்லை. பிறகு திடீரென்று கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, நாங்கள் ஆதியிலிருந்தே இப்படித்தான் என்று வாசலில் போர்டு மாட்டிவிட்டார்கள்.

கதவு சாத்தியதற்கு பில் வந்தது. 260க்கும் மேற்பட்ட தெற்காசியச் சமூகங்களை 2017இல் ஆராய்ந்தார்கள். அவற்றில் 81, சிறு கூட்டத்திலிருந்து பெருகி உள்ளுக்குள்ளேயே மணம் செய்வதில் ஃபின்லாந்துக்காரர்களையும் அஷ்கனாசி யூதர்களையும் மிஞ்சியவை. பில்லுக்கு ஓர் உதாரணம்: ஆந்திர, தெலங்கானா வைசியர்களில் ஓர் என்சைம் குறைபாடு மற்றவர்களைவிட அதிகம். வெளியே தெரியாது, சாப்பாட்டுக்குக் குறையில்லை, வியாபாரத்துக்கும் குறையில்லை. ஆபரேஷன் தியேட்டரில்தான் தெரியும். தொண்டையில் குழாய் இறக்குவதற்காகப் போடும் சக்சினைல்கோலின் ஊசி தசைகளைச் சில நிமிடங்கள் தளர்த்தும். அந்த என்சைம் இல்லாவிட்டால் மணிக்கணக்கில் மூச்சுத் தசையும் படுத்துவிடும்; வென்டிலேட்டரில் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

அதனால் விவரம் தெரிந்த மயக்க மருந்து டாக்டர் முன்கூட்டியே மெதுவாகக் கேட்பார்: “நீங்க எந்தச் சமூகம்?” கூட வந்த மாமாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்: “ஆஸ்பத்திரியிலுமா டாக்டர் சாதி பார்ப்பீங்க?” மாமா பையனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார். சொந்தத்திலேயே.