22 நிமிடக் கிராணியார்

கெடாவின் பீடோங்கில் எந்தக் குடியிருப்புத் தாமானுக்குள் நுழைந்தாலும் வரிசைக்கு ஒரு கிராணியார், அதாவது பழைய தோட்டக் கணக்கர், அகப்படுவார். அடையாளம் வேண்டுமா? சட்டைப் பையில் இரண்டு பேனா, அதில் ஒன்று சிவப்பு. வாசலில் துடைத்து வைத்த பழைய கப்சாய் மோட்டார். விடியற்காலை ஐந்து மணிக்கே எரியும் முன்விளக்கு. காலைப் பெரட்டில் பெயர் வாசித்து ஆள் கூப்பிட்ட தோட்டம் போய்விட்டது, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, அதிலும் ஒரு துண்டை வெட்டித் தாமான் கட்டிவிட்டார்கள். இந்தச் சேதியை எல்லாரும் அவருக்குச் சொல்லிவிட்டார்கள். அவர் உடம்புக்குத்தான் யாரும் இன்னும் சொல்லவில்லை.

எங்கள் வரிசையில் இருப்பவரையே எடுத்துக்கொள்வோம். மகன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில். மகள் சிங்கப்பூரில். மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்க மனைவி போனார். அந்தப் பிள்ளைக்கு இப்போது பள்ளிக்கூடப் பை வாங்கியாயிற்று. அம்மாள் இன்னும் "அடுத்த மாசம்" வருகிறார். போகும்போது மூன்று கட்டளை போட்டுவிட்டுப் போனார். கேஸ் அடுப்பைத் தொடாதே, வாசல் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்று, மாத்திரையை மறக்காதே. முதல் கட்டளையைக் காப்பாற்றுவதற்காக மகள் நவம்பர் மாதத்து மலிவு விற்பனையில் ஒரு ஏர் ஃப்ரையர் வாங்கி அனுப்பினாள். மூன்று லிட்டர் கூடை, 1,400 வாட், மூன்று கால் பிளக். ஒரு ஆளுக்குச் சரியான அளவு என்று பெட்டியிலேயே எழுதியிருந்தது.

பெட்டியை முதலில் அவர் மதிக்கவில்லை. பிரித்துப் பார்த்தபோது மேலே ஒரு கம்பிச் சுருள், அதற்கு மேல் ஒரு காற்றாடி, கீழே ஓட்டை போட்ட கூடை. அவ்வளவுதான். சுருள் காற்றைச் சூடாக்கும், காற்றாடி அதைக் கூடையைச் சுற்றிச் சுழற்றும், சாமானின் மேல்தோலிலிருந்து ஈரம் பறந்து மொறுமொறுக்கும். குறிப்புப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இது நம்ம ஸ்மோக் ஹவுஸ்தானே? ரப்பர் ஷீட்டை 60 டிகிரி சூட்டுல நாள் கணக்கா தொங்கப் போடுவோம். இதுல 180 டிகிரி, 22 நிமிஷம். அங்க புகை உண்டு, இங்க இல்ல. வேற என்ன வித்தியாசம்?"

வித்தியாசம் தின்பதில் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பச்சை அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று வந்துவிட்டது. அன்றைக்குத் திறந்ததுதான், தோட்டத்து வருகைப் பதிவேடு மாதிரி, ஏர் ஃப்ரையர் செக்ரோல்.

அந்த நோட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இடப்பக்கம் சாமானின் பெயர். அடுத்து எடை, சூடு, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம். கடைசிக் கட்டத்தில் வருகைப் பதிவு: நன்றாக வெந்தால் முழு நாள், பாதி வெந்தால் அரை நாள், கருகினால் சிவப்புப் பேனாவில் "ஆப்சென்ட்". கோழித் தொடைக்குப் பெரும்பாலும் முழு நாள். வெண்டைக்காய்க்கும் அப்படியே, 12 நிமிடத்தில் நல்ல பெயர் வாங்கும். முட்டை 130 டிகிரியில் 14 நிமிடம் நின்று ஓட்டுக்குள்ளேயே வெந்துவிடும். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் பத்து நிமிடத்தில் ஆகிற வேலை என்று நான் சொன்னதற்கு, தண்ணீர் கொதிக்கிற நேரத்தை யார் கணக்கில் சேர்ப்பது என்று கேட்டார். தோட்டத்தில் நடந்து வருகிற நேரத்துக்குச் சம்பளம் கேட்டவர்களை அவர் எப்படிச் சமாளித்திருப்பார் என்று அன்றைக்குப் புரிந்தது.

சிவப்புப் பேனாப் பட்டியல் தனிக் காவியம். உளுந்து வடை: மாவு கூடை ஓட்டை வழியாகச் சொட்டிக் கீழ்த் தட்டில் தோசையானது. அப்பளம்: எடை இல்லாததால் காற்றாடிச் சுழலில் எழும்பிப் போய்ச் சுருளில் ஒட்டிக்கொண்டு கருகியது. "பறந்துட்டான் தம்பி, வேலைக்கு வந்தவன் பறந்துட்டான்" என்று அப்பளத்தை ஒரு மனிதனாகவே பாவித்துப் பேசினார். தீபாவளிக்கு எண்ணெய் இல்லாத முறுக்கு சுட்டுப் பக்கத்து வீட்டு மாக்சிக்குத் தட்டில் கொடுத்தனுப்பினார். மாக்சி தங்கமானவர். தட்டைத் திருப்பித் தரும்போது காலியாகத் தரக்கூடாது என்று நிறைய குவே வைத்துத் தந்தார். முறுக்கைப் பற்றி மட்டும் இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

கருவாட்டை எந்தப் பேனாவால் எழுதுவது என்று அவருக்கே தெரியவில்லை. தஞ்சோங் டாவாயிலிருந்து வந்த நல்ல கருவாடு. கருவாடு என்னவோ பத்து நிமிடத்தில் பொன்னிறமாக வந்தது. ஆனால் இந்த இயந்திரத்துக்குப் பின்புறம் காற்றுப் போக ஒரு வழி உண்டு. அந்த வழி ஜன்னலைப் பார்த்திருந்தது. ஜன்னல் டெரஸ் வீடுகளின் பின்சந்தைப் பார்த்திருந்தது. சந்து முழுக்கக் கதவு திறந்தது. சண்டைக்கு வருகிறார்கள் என்று நினைத்து அவர் சட்டையைப் போட்டுக்கொண்டார். வந்தவர்களில் இரண்டு பேர் கையில் சோற்றுத் தட்டு இருந்தது.

இவ்வளவும் எண்ணெயைக் குறைக்கத்தான். அரசாங்கக் கிளினிக்கில் இனிப்பு நீர் என்று அட்டை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். 2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்தச் சீக்கு. தம் பெயரும் அந்தப் பெரிய செக்ரோலில் ஏறிவிட்டது என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்வார். எண்ணெய் ஒரு சொட்டு இல்லாத கோழித் தொடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கோபுரமாய்ச் சோறு போட்டுக்கொண்டு, கெட்டிப் பால் ஊற்றிய கொப்பியோடு முடிப்பார். அந்தச் சோற்றுக்கும் கொப்பிக்கும் நோட்டில் கட்டம் கிடையாது.

இதில் எனக்குப் பிடித்த விசித்திரம் வேறு. மனிதர் கடைசியாக வேலை பார்த்த வருஷங்கள் முழுக்க செம்பனைக் குலை எண்ணியவர். சேமநிதிப் பணம், இந்த வீடு, மகளின் படிப்பு, எல்லாம் எண்ணெயில் வந்தது. கடையில் ஒரு கிலோ மானிய எண்ணெய் பாக்கெட் 2 வெள்ளி 50 காசுக்குக் கிடைக்கிறது. அதைப் பார்த்தால் பழைய துரையைப் பார்த்தது போல ஒதுங்கி நிற்கிறார்.

மின்சாரச் செலவு பற்றி அவரிடம் வாய் திறக்கக் கூடாது. 1,400 வாட் 22 நிமிடம் ஓடினால் அரை யூனிட். முதல் 200 யூனிட்டுக்கு 21.8 காசு என்றிருந்த காலத்தில் ஒரு தொடைக்கு 11 காசு என்று கணக்குப் போட்டு அட்டையில் எழுதி மாட்டினார். 2025 ஜூலையில் கட்டண முறையே மாறிவிட்டது. அட்டை மாறவில்லை.

ஆனால் கிராணியாரின் உண்மையான கண்டுபிடிப்பு சமையலில் இல்லை. ஒரு ஆளுக்குச் சமைக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் இரண்டாவது ஆளை உட்கார வைக்கும் வழியை அவர் கண்டுபிடித்திருக்கிறார். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு கதை. வேகிற நேரமும் கதையின் நீளமும் ஒன்று.

கெம்போங் மீன் 15 நிமிடம். அதற்கு ராஜேந்திர சோழன். 1025 வாக்கில் சோழர் கப்பற்படை இந்தக் கெடாவின்மேல், அன்றைய கடாரத்தின்மேல், வந்த கதை. எட்டாவது நிமிடத்தில் மீனைத் திருப்பிப் போடும்போது கப்பல்கள் நடுக்கடலில் இருக்க வேண்டும், மணி அடிக்கும்போது அரசனுக்குக் 'கடாரம் கொண்டான்' பட்டம் கிடைத்திருக்க வேண்டும். ஒரு நாள் மீன் சின்னதாக அமைந்துவிட்டது. 11 நிமிடத்திலேயே மணி அடிக்க, சோழன் கரை இறங்காமலே கதை முடிந்தது.

கோழித் தொடைக்கு கத்ரி கம்பெனி. 1981 செப்டம்பர் 7, லண்டன் பங்குச் சந்தை. வெள்ளைக்காரன் கையிலிருந்த தோட்டக் கம்பெனியை நாலு மணி நேரத்துக்குள் மலேசியா வாங்கிப்போட்ட கதை. அங்கே நாலு மணி நேரம் பிடித்ததை இவர் 22 நிமிடத்தில் முடிப்பார். துரைமார் முகம் மறுநாள் பெரட்டில் எப்படியிருந்தது என்பதை நடித்துக் காட்டுவதற்கு மட்டும் நான்கு நிமிடம்.

வெண்டைக்காய்க்கு சுங்கை பத்து. பீடோங் அஞ்சல் வட்டத்துக்குள்ளேயே இருக்கிற அகழாய்வு இடம். அங்கே இரும்பு உருக்கிய உலைகளும், உலைக்குள் காற்று ஊதிய ஏராளமான களிமண் குழாய்களும் கிடைத்தன. 1,500 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொழில். இதைச் சொல்லிவிட்டு இயந்திரத்தின் முதுகில் தட்டுவார்.

"காத்தை ஊதிச் சூடு ஏத்துற வித்தைய நம்ம பீடோங்குல அப்பவே செஞ்சாச்சு. பிலிப்ஸ்காரன் 2010ல பெர்லின்ல கொண்டாந்து காட்டுறான். எத்தனை வருஷம் லேட்டு, கணக்குப் பாத்துக்க."

முழு உருளைக்கிழங்குக்கு 40 நிமிடம். அது பீடோங்கின் ஹார்வர்டு தோட்டத்துக் கதை. 1947இல் தொழிலாளர் தலைவர் ஏ. எம். சாமியும் அவருடைய தொண்டர் படையும் கள்ளுக்கடை மறியலுக்கு நின்றது, போலீஸ் வந்தது, அப்பா சொல்லக் கேட்டது. இந்தக் கதையில் மட்டும் நடிப்பு இல்லை. பாதியில் கிழங்கைத் திருப்ப வேண்டும் என்பதும் ஞாபகம் இருக்காது. மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருப்பார். நோட்டில் நேரம் எழுதியிருக்க மாட்டார். ஒரு பக்கம் கருகிய கிழங்கை உப்புத் தூவித் தின்போம். அதற்குச் சிவப்புப் பேனா எடுத்து நான் பார்த்ததில்லை.

நேர்மையாகச் சொன்னால் இந்த இயந்திரம் திறமையாக வேலை செய்வது ஒன்றில்தான்: காலையில் வாங்கி ஆறிப்போன ரொட்டி சானாய். மூன்றே நிமிடம். கல்லிலிருந்து இறங்கியது மாதிரி வரும். ஆனால் மூன்று நிமிடத்துக்குள் சொல்ல அவரிடம் கதை கிடையாது. அதனால் அதைச் சமையலாகவே அவர் ஒப்புக்கொள்வதில்லை.

போன பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் குடும்பமே வந்து இறங்கியது. அம்மாளும் வந்தார். மொத்தம் எட்டுப் பேர். கூடையில் ஒரு நேரத்துக்கு இரண்டு தொடைக்கு மேல் போடக் கூடாது. நெருக்கி அடுக்கினால் காற்று சுற்றாது, தோல் வதங்கிப்போகும். இது அவர் ஊருக்கெல்லாம் சொன்ன சட்டம். தம் சொந்தச் சட்டத்தைத் தாமே மீற முடியுமா? பகல் 12 மணிக்கு வரவேற்பறையில் பெரட்டு கூடியது. கையில் பச்சை நோட்டு. வயதில் சின்னவர் முதலில் என்று பெயர் வாசித்தார். பேரப்பிள்ளைகள் இருவரும் தின்று, கை கழுவி, மறுபடி பசி என்று வந்து நின்றபோது மருமகளின் தொடை இன்னும் உள்ளேதான் இருந்தது. இரண்டாவது கத்ரி கதை ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா, எல்லாத்தையும் சட்டியில போட்டுப் பொரிச்சிடவா? பத்து நிமிஷம்" என்றாள் மகள்.

"கேஸ் அடுப்பத் தொடாதன்னு உங்கம்மா உத்தரவு."

"அது உங்களுக்குப் போட்டது" என்றார் அம்மாள், சமையலறைப் பக்கம் திரும்பாமலே.

ஒன்றே கால் மணிக்கு மகன் கார்ச் சாவியை எடுத்தான். வெளியே செருப்புச் சத்தம், கார்க் கதவுச் சத்தம். மாமாக் கடையில் மீ கோரெங், நாசி கண்டார் என்று ஒரே கொண்டாட்டமாம்; பேரன் வந்து சொன்னான். கிராணியார் போகவில்லை. நான்காவது ஈடு இறங்க இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது. வேலியோரம் நின்ற என்னைக் கைகாட்டி உள்ளே அழைத்து, மருமகளுக்கு என்று எடுத்து வைத்திருந்த தொடையை என் தட்டில் வைத்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டைத் திறந்தார். பேரப்பிள்ளைகள் இருவருக்கும் முழு நாள். கடைக்குப் போன பெரியவர்கள் எல்லாருக்கும் சிவப்புப் பேனா. மனைவியின் பெயரில் வந்து கொஞ்சம் யோசித்தார். அரை நாள் போட்டார்.